யப்பானிய மொழி வாசிப்பும் தமிழர் உரைநெறியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைக் கற்றல் வேறு. அம்மொழியில் எழுதப்பட்டதை வாசித்துப் பொருளுணர்தல் வேறு. சொற்களை மனனஞ் செய்தும் இலக்கண விதிகளை ஒப்புவித்தும் தேறிய மாணவன், பத்து வரி கொண்ட ஓர் உரைநடைப் பகுதியின் முன்னே தடுமாறி நிற்றல் எம்மொழிக் கல்வியிலும் காணப்படுவதாகும். யப்பானிய மொழியைக் கற்போரிடையே இத்தடுமாற்றம் மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது. யப்பானிய மொழித் திறன் பரீட்சை 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 பேருடன் தொடங்கியது. இன்று உலகெங்கும் பல இலட்சம் பேர் தோற்றும் அப்பரீட்சையில் எழுதிக் காட்டும் பகுதியோ பேசிக் காட்டும் பகுதியோ இல்லை. கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவதே மாணவன் செய்ய வேண்டுவது. எனவே வாசித்து விளங்கும் ஆற்றலே அதன் உயிர்நிலை எனலாம்.

இலங்கைக்கும் யப்பானுக்குமிடையே 2019 யூனில் கைச்சாத்திடப்பட்ட திறன்பெற்ற தொழிலாளர் உடன்படிக்கையின் பின்னர், இப்பரீட்சையின் நான்காந் தரமாகிய 'என் 4' தொழில் நாடும் இளைஞர்க்கு ஒரு வாயிலாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சுவேலி போன்ற ஊர்களிலிருந்து இவ்வாயிலை நோக்கும் ஒரு மாணவன், அன்னிய மொழியொன்றை வாசிப்பதற்குத் தன் மரபிலிருந்து எதனைக் கொண்டு செல்கின்றான் என்னும் வினா ஈண்டு ஆராயப்படுகின்றது.

அச்சுவேலியும் வாசிப்பு மரபும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வழியில் வலிகாமம் கிழக்கில் அமைந்த அச்சுவேலி, பன்மொழி வாசிப்பின் வரலாற்றில் தனியிடம் பெறுவதற்குக் காரணர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ஆவார். 1875இல் மானிப்பாயிற் பிறந்த அவர், தாயின் மறுமணத்தின் பின்னர் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையின் இல்லத்தில் வளர்ந்தார். ஆங்கிலங் கற்றுப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அக்கால யாழ்ப்பாணத்து இளைஞர் பலர்க்கு மொழிக் கல்வியின் எல்லை அத்தகைய உத்தியோகமே. அவர் அவ்வெல்லையைக் கடந்து துறவறம் பூண்டு 1901இற் குருவானார். அவர் அறிந்த மொழிகள் எழுபதுக்கு மேற்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. எண்ணிக்கை எவ்வாறாயினும், அவர் மொழிகளை எதற்காகக் கற்றார் என்பதே இங்கு வேண்டப்படுவது. யாழ்ப்பாணத்து அரசர் வரலாற்றை எழுதுவதற்குப் போர்த்துக்கேய மூலங்களை நாடினார். தமிழ்ச் சொற்களின் பிறப்பை அறிவதற்குப் பிறமொழிச் சொற்களைத் துருவினார். 1928இல் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில் அச்சேறிய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' முதல் முயற்சிக்கும், 1938 முதற் பகுதி பகுதியாக வெளிவந்த 'சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி' இரண்டாவது முயற்சிக்கும் சான்றாவன. இரண்டும் பரீட்சைக்காக எழுந்த கல்வியின் விளைவுகளல்ல; வாசித்துப் பொருள் காண வேண்டும் என்னும் தேவையின் விளைவுகள்.

அச்சுவேலிக்கு அணித்தான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை அவர் ஏட்டிலிருந்து அச்சிற்குக் கொணர்ந்தார். அவ்வேடுகளிற் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. எழுத்துகளின் தொடர்ச்சியிலிருந்து சொல்லைப் பிரித்தெடுத்தல் வாசிப்பின் முதற் செயலாயிற்று. பொருள் தெரிந்தாலன்றிச் சொல்லைப் பிரிக்க இயலாது. சொல்லைப் பிரித்தாலன்றிப் பொருள் தெரியாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிகழ்த்தப் பழகியதே ஏட்டு வாசிப்பு. யப்பானிய மொழியில் இன்றும் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டெழுதும் வழக்கம் பொதுவாக இல்லை என்பதை நோக்க, தாமோதரம்பிள்ளை எதிர்கொண்ட இடர்ப்பாட்டின் ஒரு கூறு இன்றைய மாணவனுக்கும் உரியதாதல் புலனாகும்.

யப்பானியரும் உரைமரபும்

தம் பழைய நூலை வாசிக்க இயலாது இடர்ப்பட்ட அனுபவம் யப்பானியர்க்கும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதும் ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்டதுமான மன்யோசு, சீன எழுத்துகளைச் சில இடங்களில் ஒலிக்காகவும் சில இடங்களிற் பொருளுக்காகவும் கையாண்டு எழுதப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழியுமுன் அதனை வாசிப்பார் அருகினர். 951ஆம் ஆண்டில் முரகாமி பேரரசர் ஐந்து புலவரை நியமித்து அதற்கு வாசிப்புக் காணச் செய்தார். பிற்காலத்தில் மொத்தோரி நொரினாகா என்னும் அறிஞர் கொஜிக்கி என்னும் தொன்னூலுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து 44 தொகுதிகளில் உரை வரைந்து 1798இல் நிறைவு செய்தார். இளம்பூரணரும் பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் தமிழிற் செய்த பணியை ஒத்த பணி யப்பானிலும் நடைபெற்றது என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றினும் நுணுகி நோக்கத்தக்கது, சீன நூல்களை யப்பானியர் வாசித்த முறையாகிய 'குன்தொக்கு' ஆகும். சீன மொழியில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னுமாக நிற்கும்; யப்பானியத்தில் வினையே இறுதியில் நிற்கும். ஆகவே சீன வாக்கியத்தின் ஓரத்திற் சிறு குறிகளை இட்டு, எச்சொல்லை முன்னர் வாசித்து எச்சொல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று காட்டினர். எழுத்து சீனமாகவே இருக்க, வாசிப்பு யப்பானியமாயிற்று. தமிழிலக்கணம் பொருள்கோள் என வகுத்தது இச்செயலுக்கு மிக நெருங்கியது. தொல்காப்பியர் நிரனிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்காகக் கூறினார். நன்னூலார் கொண்டுகூட்டு முதலியவற்றையுஞ் சேர்த்து எட்டாக விரித்தார். நின்ற வரிசை பொருளுக்கு இடந்தராதவிடத்துச் சொற்களை வேண்டியவாறு கூட்டிப் பொருள் கொள்ளல் இரு மரபினருக்கும் பொதுவாய் அமைந்த வாசிப்புத் தொழில்.

தமிழரும் யப்பானிய மொழியும் சந்தித்த இரு காலங்கள்

யாழ்ப்பாணத் தமிழரிற் கணிசமானோர் யப்பானிய மொழியை முதன்முதலாக எதிர்கொண்டது மலாயாவிலேயே. அந்நாட்டு அரசாங்கக் கந்தோர்களிலும் புகையிரதப் பகுதியிலும் பணியாற்றிய அவர்கள், 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் ஆங்கிலத்தின் இடத்தில் யப்பானிய மொழியைக் கண்டனர். உத்தியோகத்தைக் காத்துக்கொள்ளக் கத்தாகானா எழுத்துகளையும் வணக்க வாசகங்களையும் பயின்றனர். 1945இல் ஆட்சி நீங்கியதும் அக்கல்வியும் நீங்கிற்று. ஆணையினாலும் அச்சத்தினாலும் புகுத்தப்பட்ட மொழி, பேச்சளவிலும் முழக்கவளவிலும் நின்றதேயன்றி நூல் வாசிக்கும் நிலையை எய்தவில்லை. வாசிப்பில் வேரூன்றாத மொழிக் கல்வி, அதனைத் தாங்கிய தேவை மறைந்தவுடன் தானும் மறையும் என்பதற்கு இது வரலாற்றுச் சான்றாகும்.

இரண்டாவது சந்திப்பு இதற்கு முற்றும் மாறானது. ரோக்கியோவிலுள்ள கக்சுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), யப்பானியப் பழஞ்சொல் அகராதியொன்றைத் தொகுத்தளித்த பேரறிஞர். அவர் தம் அறுபதாம் அகவையை அண்டிய காலத்திலே தமிழை நாடினார். பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் துணைகொண்டு இரு மொழிச் சொற்களையும் ஒப்பிட்டு 1980இல் ஒலியொப்புமை பற்றிய நூலை வெளியிட்டார். அதன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து பணியாற்றினர். யப்பானியர், தமிழர் ஆகியோரின் உலக நோக்கையும் சடங்குகளையும் ஒப்பிடும் இவர்களது கூட்டு நூல் 1985இல் வெளிவந்தது.

இரு மொழிகளுக்கும் பிறப்புறவு உண்டு என்னும் ஓனோவின் கொள்கையை மொழியியலாளரிற் பெரும்பாலார் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலிமாற்ற விதிகள் போதிய அளவு இறுக்கமுடையனவல்ல என்பதும், சொற்பொருள் ஒப்புமைகள் நெகிழ்ச்சியாகக் கொள்ளப்பட்டன என்பதும் அவர்தம் மறுப்பின் சாரம். இம்மறுப்பு வலுவுடையதே. ஆயினும் பிறப்புறவு வேறு, அமைப்பொப்புமை வேறு. உறவினரல்லாத இருவர் ஒரே நடையினராதல் கூடும். தமிழும் யப்பானியமும் வாக்கிய அமைப்பிற் பெரிதும் ஒத்துச் செல்கின்றன என்பது எவராலும் மறுக்கப்படாதது. சிங்களமும் இவ்வகையில் இவற்றோடு ஒப்பதே. வாசிக்கும் மாணவனுக்கு வேண்டப்படுவது இவ்வமைப்பொப்புமையேயன்றி மூதாதையர் வரலாறன்று.

அமைப்பொப்புமையும் வாசிப்பும்

'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்னும் தொடரை யப்பானியர் 'கினோ வத்தாஷி க கத்தா ஹொன்' என்பர். கினோ நேற்று, வத்தாஷி நான், க எழுவாயைக் குறிக்கும் உருபு, கத்தா வாங்கிய, ஹொன் புத்தகம். பெயரெச்சம் பெயருக்கு முன்னிற்க, ஒரு சொல்லும் இடம்மாறாது தமிழ் செல்லும் வழியே செல்கின்றது. இதே தொடரை ஆங்கிலத்திற் கூறின் புத்தகம் முன்னே வர, நேற்று இறுதிக்குத் தள்ளப்படும். அதுபோலவே 'உண்டு பார்' என்பது 'தபெத்தெ மிரு' ஆகின்றது; 'மிரு' என்பது கண்ணாற் காணும் 'பார்' என்னும் வினையே. 'சொல்லி வை' என்பது 'இத்தெ ஒக்கு' ஆகின்றது. 'ஒக்கு' என்பது 'வை'. வினையெச்சமும் துணைவினையும் சேர்ந்து பொருள் தரும் இம்முறை தமிழ் மாணவனுக்குப் பிறப்பிலேயே கைவந்தது.

இங்குதான் இன்றைய கல்விமுறையின் குறை வெளிப்படுகின்றது. ஆங்கிலத்தின் வாயிலாக யப்பானியங் கற்கும் தமிழ் மாணவன், யப்பானிய வாக்கியத்தை ஆங்கில வரிசைக்கு மாற்றுகின்றான். பின்னர் அதனை மீண்டும் தமிழ் வரிசைக்குத் திருப்புகின்றான். வரிசை வேறுபட்ட சீனத்தை வாசிக்க யப்பானியர்க்கு மீள்குறி தேவைப்பட்டது. வரிசை வேறுபடாத மொழியை வாசிக்கத் தமிழன் இருமுறை கொண்டுகூட்டுகின்றான். இது தேவையற்ற கொண்டுகூட்டு. இரண்டாந் தரத்தில் 105 நிமிடங்களுள் சொல், இலக்கணம், வாசிப்பு ஆகிய மூன்றையும் முடிக்க வேண்டிய பரீட்சையில் இவ்விரட்டை உழைப்பு காலத்தை உண்டுவிடுகின்றது. யப்பானிய வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நின்றவாறே தமிழ்ச் செவியாற் கேட்டுச் செல்லப் பழகுதலே வாசிப்பு விரைவின் முதற்படி.

இரண்டாவது, சுட்டு. யப்பானியத்திற் 'கொரெ', 'சொரெ', 'அரெ' எனச் சுட்டு மூன்று. அண்மைக்குக் கொரெ, கேட்போன் பக்கத்ததற்குச் சொரெ, இருவர்க்கும் சேய்மையதற்கு அரெ. ஆங்கிலத்திலும் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கிலும் இரண்டே எஞ்சியிருக்க, தொல்காப்பியர் கூறிய அகர இகர உகரச் சுட்டுகள் மூன்றும் யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றன. 'உது என்ன?', 'உந்தக் கதையை விடு' என்னும் பேச்சில் உகரச் சுட்டு, கேட்போன் கையிலிருப்பதையும் அவன் சற்றுமுன் கூறியதையும் சுட்டுதல் காணலாம். பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் 'அடிக்கோடிட்ட சொரெ எதனைக் குறிக்கின்றது?' என்னும் வினா அடிக்கடி எழுவது. சற்றுமுன் கூறப்பட்டதையே அச்சொல் பெரும்பாலும் சுட்டும். அச்சுவேலிச் சிறுவன் நாவில் உள்ள 'உது' அவனுக்கு இதனை உணர்த்தப் போதும். ஆயினும் வகுப்பறையில் அது கொச்சையெனத் தள்ளப்படுகின்றது.

மூன்றாவது, கொடைவினை. யப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பெரும்பாலும் தொக்கே நிற்கும். வினைமுற்றும் தமிழிற்போல ஆண், பெண், ஒருமை, பன்மை காட்டாது. இவ்விடத்தில் தமிழறிவு மாணவனை ஏமாற்றும். 'வந்தான்', 'வந்தாள்' என விகுதியிலே பாலறிந்து பழகியவன், விகுதியற்ற வினையின் முன் யார் செய்தார் என அறியாது மயங்குவான். அதற்கு யப்பானியம் தரும் துணை கொடைவினைகளாகும். பேசுவோனை நோக்கி வருங் கொடைக்குக் 'குரெரு'. பிறரை நோக்கிச் செல்லுங் கொடைக்கு 'அகெரு'. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியன, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியன எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்த வரையறை இதனை ஏறக்குறைய ஒத்தது. 'எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்' என யாழ்ப்பாணத்தார் இன்றும் பேணும் வேறுபாட்டை நினைவிற்கொள்ளும் மாணவன், 'குரெரு' வந்தவிடத்துக் கொடுத்தவன் பிறன், பெற்றவன் தான் அல்லது தன் பக்கத்தான் என எளிதில் தெளிவான்.

நான்காவது, வாக்கிய முடிபு. யப்பானிய உரையாசிரியர் தம் துணிபை 'தெ வ நை தரோ க' என எதிர்மறை வினாவாக முடித்தல் பெருவழக்கு. ஆங்கிலவழி வாசிப்போன் இதனை ஐயமென்றோ மறுப்பென்றோ கொள்வதுண்டு. 'நன்றன்றோ' என்பது நன்று என்பதை வலியுறுத்துவது என்பதைத் தமிழ் மாணவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் கருத்து யாது என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் இத்தகைய முடிபிலேயே அடங்கியிருக்கும்.

உரைநெறியைப் பயிற்சியாக்கல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு பயிற்சி நெறி உருவாதல் கூடும். முதலிற் பதம்பிரித்தல். யப்பானிய எழுத்தில் கன்ஜி தோன்றுமிடம் பெரும்பாலும் சொல்லின் பகுதியாகவும், அதனைத் தொடரும் ஹிராகானா விகுதியாகவும் உருபாகவும், கத்தாகானா பெரும்பாலும் வந்தேறு சொல்லாகவும் அமைதலின், எழுத்து மாற்றமே இடைவெளியின் தொழிலைச் செய்கின்றது. அடுத்து, முடிக்குஞ் சொல்லைக் கண்டு அதனோடு எழுவாயையும் எச்சங்களையும் இயைத்தல். பின்னர், சுட்டுச் சொற்களுக்கு இடங்காட்டல். தொக்கு நின்றதை வருவித்தல். இறுதியாக, பந்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்திற் கருத்துரை எழுதுதல். உரைக்கு உறுப்புகள் பதினான்கு எனக் கூறிய நன்னூல், கருத்துரைத்தலையும் சொற்பொருளுரைத்தலையும் வெவ்வேறாக எண்ணியமை கருதற்குரியது. சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்தும் பகுதியின் கருத்து விளங்காத மாணவன், பதவுரையோடு நின்று கருத்துரைக்குச் செல்லாதவன் ஆவான்.

சொற்பெருக்கத்துக்கு ஞானப்பிரகாசரின் அகராதி நெறி வழிகாட்டும். அவர் சொற்களைத் தனித்தனியே அடுக்காது வேர்வழிக் குடும்பங்களாகத் தொகுத்து நோக்கினார். கன்ஜிகளிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. நீலத்தைக் குறிக்கும் எழுத்து 'செய்' என்னும் ஒலியுடையது; நீரைக் குறிக்கும் உறுப்பு அதனோடு சேரின் தூய்மையையும், ஞாயிற்றைக் குறிக்கும் உறுப்பு சேரின் மேகமற்ற வானையும், சொல்லைக் குறிக்கும் உறுப்பு சேரின் வேண்டுதலையும் உணர்த்தும்; ஒலி மூன்றிலும் 'செய்' என்றே நிற்கும். 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பொதுவழக்குப் பட்டியலிலுள்ள 2,136 எழுத்துகளும் இவ்வாறு உறவறிந்து கற்கப்படின் சுமை பெரிதுங் குறையும்.

பரீட்சையும் தரத்துக்குத் தரம் இந்நெறியை வேண்டி நிற்கின்றது. ஐந்தாந் தரத்தில் ஏறத்தாழ 80 எழுத்துகள் கொண்ட சிறு பகுதிகளில் தொடங்கும் வாசிப்பு, முதலாந் தரத்தில் 1,000 எழுத்துகள் கொண்ட கட்டுரையாகவும், இரு ஆசிரியர் கருத்துகளை ஒப்பிடும் பகுதியாகவும் விரிகின்றது. மேல் மூன்று தரங்களிலும் வாசிப்புக்கெனத் தனியே 60 புள்ளிகள் உள; அவற்றுள் 19 பெறாதவர், ஏனைய பகுதிகளில் எத்துணைச் சிறந்தாலும் சித்தியடையார்.

ஓர் எச்சரிக்கையும் உரைமரபிலிருந்தே பெறத்தக்கது. நச்சினார்க்கினியர் பேருரையாசிரியர், எனினும் தொலைவிற் கிடக்கும் சொற்களை வலிந்து கூட்டித் தாம் கருதிய பொருளை நூலுக்கு ஏற்றினார் என்னும் பழி அவர்க்கு உண்டு. பரீட்சையில் தரப்படும் விடைகளுள் உலகியலில் உண்மையாயினும் பகுதியிற் கூறப்படாதது ஒன்று இருத்தல் இயல்பு. தன் அறிவை ஆசிரியர் மேலேற்றும் மாணவன் அதனைத் தெரிந்து வழுக்கி வீழ்வான். நூல் கூறியதற்கும் வாசிப்போன் கருதியதற்கும் இடையே கோடு கிழிக்கத் தெரிவதே வாசிப்பின் நேர்மை.

முடிவுரை

மலாயாவில் ஆணையினால் வந்த யப்பானியம் வாசிப்பாக வளராது மறைந்தது. கக்சுயினில் விருப்பினால் நிகழ்ந்த சந்திப்பு, அதன் கொள்கை ஏற்கப்படாதபோதும், நூல்களாக நிலைத்தது. இன்று தொழிலின் பொருட்டு வருவது மூன்றாவது சந்திப்பு. இதுவும் சான்றிதழோடு முடியுமாயின் மலாயாவின் கதையே மீளும். யப்பானிய உரைநடைப் பகுதிகளுக்குத் தமிழிலே பதவுரையும் கருத்துரையும் இலக்கணக் குறிப்பும் அமைந்த வாசக நூலொன்று, தமிழ்த் துறையினரும் யப்பானிய மொழி வல்லாரும் ஒருங்கிருந்து ஆக்கத்தக்கது. போர்த்துக்கேய மூலங்களை நாடிச் சென்று தம் நாட்டு வரலாற்றைத் தமிழில் எழுதி, வளர்ந்த ஊரிலேயே அச்சேற்றினார் ஒரு குருவானவர். அவ்வூர்ப் பிள்ளைகள் பிறிதொரு மொழியைத் தம் மொழியின் வழியே வாசிக்கக் கற்பதற்குத் துணைநிற்றல் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.